முத்திரையிட்ட தடையற்ற குரல்

மனித குலம் பேசக் கற்றுக்கொண்டு பல்லாயிரம் ஆண்டுகள் ஆகின்றன என்கிறார்கள். இருக்கட்டும். ஆனால் முன் அனுமதி பெற்று, மூன்று பிரதிகள் எடுத்து, இடது ஓரத்தில் இரண்டு அங்குலம் இடம் விட்டுப் பேசக் கற்றுக்கொண்டது எங்கள் பல்கலைக்கழகத்தில்தான். அந்தப் பெருமையில் அடியேனுக்கும் பங்குண்டு. நான் ‘மாணவர் குரல் மேம்பாட்டுக் குழு’வின் செயலாளர். தன்னடக்கம் காரணமாக இதை ஒரு நாளைக்கு நாலைந்து முறைக்கு மேல் சொல்வதில்லை.

எல்லாம் துணைவேந்தர் வெளிநாடு போய் வந்ததில் தொடங்கியது. போன இடத்தில் மாணவர்கள் கையில் காகிதமே இல்லாமல் மேடையில் உலாத்திக்கொண்டே பேசியதைப் பார்த்து மனிதர் அசந்துபோனார். ஊர் திரும்பிய மறுநாளே சுற்றறிக்கை வந்தது: ‘நம் மாணவர்களும் மனத்தில் பட்டதைத் தடையின்றிப் பேச வேண்டும். மனத்தில் என்னென்ன படலாம் என்பதைக் குழு முடிவு செய்யும்.’

நிகழ்ச்சிக்கு ‘தடையற்ற குரல்’ என்று பெயர் வைத்தோம். விதிகள் எளியவை, பதினான்குதான். அவற்றில் ஏழாம் விதி என் சொந்தப் படைப்பு. ‘அங்கீகரிக்கப்பட்ட பிரதியில் உள்ள எதையும் விடாமல் வாசிக்க வேண்டும். இல்லாத ஒரு சொல்லையும் சொல்லக் கூடாது.’ மைக்காரரிடம் ஒரு பிரதி இருக்கும். பேச்சாளர் பிரதியைத் தாண்டினால் அவர் மைக் சுவிட்சை அணைத்துவிடுவார்.

இதை வீட்டில் விவரித்தபோது என் மனைவி சாதத்தைக் கிளறியபடியே கேட்டாள், “அப்போ தடையற்ற குரல்னா யாரோட குரல்?”

“இதெல்லாம் நிர்வாகம். உனக்குப் புரியாது” என்றேன். இல்லறத்தில் ஏழாம் விதி இல்லாதது பெருங்குறை.

விண்ணப்பங்கள் குவிந்தன. ஒருவன் காதல் கவிதை கொடுத்திருந்தான். ‘காதல்’ வந்த இடத்திலெல்லாம் ‘கல்வி’ என்று மாற்றி அனுமதித்தோம். ‘கல்வியே, நேற்றுப் பேருந்து நிறுத்தத்தில் ஏன் என்னைத் திரும்பிப் பார்த்தாய்?’ என்ற வரி இப்படித்தான் உயிர் பெற்றது. பலகுரல் கலைஞன் ஒருவன் வந்தான். “தாராளமா செய்யுப்பா. யார் குரல்லயும் மட்டும் செய்யாதே” என்றோம். அவன் கடைசியில் பிரஷர் குக்கராக மேடையேறினான். மூன்று விசிலுக்கும் தனித்தனியாக அனுமதி கொடுத்தோம்.

அப்போதுதான் அந்தத் தாவரவியல் மூன்றாம் ஆண்டு மாணவி என் அறைக்கு வந்தாள். பேச்சின் தலைப்பு, ‘நான் படிக்காத புத்தகங்கள்’. நகைச்சுவையாக்கும் என்று எண்ணி உட்காரச் சொன்னேன்.

“காமெடியாம்மா?”

“இல்ல சார். காலைல ஒன்பதரைலேர்ந்து சாயங்காலம் அஞ்சே கால் வரைக்கும் எங்களுக்கு கிளாஸ். லைப்ரரி பத்துலேர்ந்து அஞ்சு.”

“மத்தியானம் போகலாமே?”

“எங்களுக்கு ஒண்ணுலேர்ந்து ரெண்டு வரைக்கும் சாப்பாட்டு நேரம். அவங்களுக்கும் அதே நேரம்தான் சார். கதவைச் சாத்திடுவாங்க.”

“சனிக்கிழமை?”

“அன்னைக்கு ரெண்டு பேருக்குமே லீவு.”

திட்டமிடலில் எங்கள் பல்கலைக்கழகத்துக்கு இருக்கும் துல்லியத்தை எண்ணிப் புல்லரித்தது. மாணவருக்கு ஓய்வுள்ள நேரமும் நூலகம் திறந்திருக்கும் நேரமும் எந்த இடத்திலும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளாமல் அமைவது லேசுப்பட்ட காரியமா?

அவள் தன் நூலக அட்டையை நீட்டினாள். புத்தகம் எடுத்த தேதி குத்த வேண்டிய கட்டங்கள் வெள்ளை வெளேரென்று இருந்தன. மூன்றாண்டுகளில் ஒரு முத்திரைகூட இல்லை.

“அட்டையை எவ்வளவு சுத்தமா வச்சிருக்கே!” என்று மனமாரப் பாராட்டினேன்.

அவள் சிரிக்கவில்லை. “ப்ராஜெக்ட்டுக்குச் செடிகளோட படத்தொகுதி வேணும் சார். மூணு பாகம். வெளியே தர மாட்டாங்க, அங்கேயே உக்காந்துதான் பாக்கணும். மூணு வருஷமா நான் அந்தக் கதவை மட்டும்தான் படிச்சிருக்கேன். இந்த ஒரு செமஸ்டர்தான் பாக்கி. ஒரு மணி நேரம், ஆறு மணி வரைக்கும் திறந்து வச்சாப் போதும்.”

“மனு கொடுக்கலாமே?”

“அஞ்சு தடவை கொடுத்தேன். நூலகக் குழு கூடும்போது பாக்கறோம்னாங்க.”

“குழு கூடறதில்லையா?”

“கூடறாங்க சார். லைப்ரரிக்குள்ளதான், அஞ்சரை மணிக்கு. லைட் எரியறது வெளியிலேர்ந்தே தெரியும்.”

எனக்கு நெஞ்சு லேசாகக் குறுகுறுத்தது. செயலாளருக்கு அது ஆகாது என்பதால் ஒரு மடக்குத் தண்ணீர் குடித்துச் சரிசெய்துகொண்டேன். “கவலைப்படாதே. உன் குரல் மேடையில ஒலிக்கும்” என்று வாக்குக் கொடுத்தேன்.

குழு கூடியது. குழு என்றால் நானும் ஒழுங்கு அதிகாரியும். அவர் சிவப்புப் பேனா மூடியைக் கழற்றும் சத்தத்துக்கே முதலாம் ஆண்டு மாணவர்கள் எழுந்து நிற்பார்கள்.

“‘நூலகம் ஐந்து மணிக்கு மூடப்படுகிறது’ன்னு எழுதியிருக்கா பாருங்க” என்றார். “மூடறதைப் பத்தி ஏன் பேசணும்? தினமும் திறக்கறோமே, அது கண்ணுக்குத் தெரியலையா?”

அடித்தார். ‘நூலகம் தினமும் திறக்கப்படுகிறது’ என்று மேலே எழுதினார். எதற்காக அடித்தோம் என்பதை ஓரத்தில் குறித்தார், கையெழுத்துப் போட்டார். நான் ஊதா முத்திரை குத்தினேன். இப்படியே இரண்டு பக்கமும் திருத்தினோம். ஓரிடத்தில் நானும் பொடி எழுத்தில் ஒரு குறிப்பு எழுதினேன்.

“சுத்தப்பிரதி எடுத்துடலாமா?” என்று கேட்டேன்.

“எதுக்கு? அப்புறம் நாம உழைச்சது எவனுக்குத் தெரியும்?” என்றார் அவர். நியாயம்தானே! ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ‘இப்பக்கத்தில் உள்ள அனைத்தும் அங்கீகரிக்கப்பட்டவை’ என்று குத்தி, மூன்று நகல் எடுத்து அனுப்பினோம்.

நிகழ்ச்சி நாள் வந்தது. அரங்கை நிரப்புவதற்காக நூலக ஊழியர்கள் அனைவரையும் அழைத்திருந்தோம். நூலகக் கதவில் ‘தடையற்ற குரலை முன்னிட்டு இன்று நூலகம் இயங்காது’ என்று அறிவிப்பு தொங்கியது. நூலகர் முன்வரிசையில் துணைவேந்தருக்குப் பக்கத்தில் அமர்ந்து, விளக்கேற்றி முடிப்பதற்குள் கண்ணயர்ந்துவிட்டார்.

துணைவேந்தர் ‘கேட்கும் கலை’ பற்றி ஐம்பது நிமிடம் பேசினார். அதனால் மாணவர் ஒவ்வொருவருக்கும் ஒதுக்கிய எட்டு நிமிடம் மூன்று நிமிடமாகச் சுருங்கியது. கல்வியைக் காதலித்தவன் கண்ணீர் விட்டான். குக்கர் மூன்று விசிலும் சரியாக அடித்தது. கடைசியாகத் தாவரவியல் மாணவி வந்தாள். கையில் இரண்டு தாள். மைக்கை ஒருமுறை தட்டிப் பார்த்தாள்.

“‘நூலகம் தினமும் திறக்கப்படுகிறது’” என்று தொடங்கினாள்.

கைத்தட்டல். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

“இடது ஓரம். ‘ஐந்து மணிக்கு மூடப்படுகிறது என்பது உண்மை. ஆனால் தேவையில்லாத உண்மை. நீக்குக.’ கையொப்பம், ஒழுங்கு அதிகாரி. முத்திரை.”

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

“‘என் நூலக அட்டை பத்திரமாக இருக்கிறது.’ இடது ஓரம். ‘அட்டையில் ஒரு முத்திரைகூட இல்லை என்பதைச் சொல்ல வேண்டாம். யார் வீட்டுப் பெண் இவள்? விசாரிக்கவும்.’ கையொப்பம், ஒழுங்கு அதிகாரி. முத்திரை.”

அரங்கம் கொல்லென்று சிரித்தது. ஒழுங்கு அதிகாரி மைக்காரரிடம் பாய்ந்தார். “யோவ், கட் பண்ணுய்யா!”

மைக்காரர் தாளில் விரலை ஓட்டிக்கொண்டிருந்தார். “எல்லாம் இதுல இருக்கு சார். முத்திரைகூட இருக்கு. விடாம வாசிக்கணும்னுதானே விதி?”

“எந்த மடையன் போட்ட விதி அது?”

மைக்காரர் என்னைக் காட்டினார். நான் கூரையில் ஓடிய மின்விசிறியை ஆராயத் தொடங்கினேன்.

“‘நூலகத்துக்கு என் நன்றி’” என்று அவள் தொடர்ந்தாள். “இடது ஓரம். ‘ஒரு மணி நேரம் கூடுதலாகத் திறக்கக் கோருவதை நீக்குக. கோரிக்கை வைக்க இது இடமல்ல. இடம் எது என்பது பின்னர் அறிவிக்கப்படும்.’ அதன் கீழே, பொடி எழுத்து. ‘நூலகர் மனம் புண்படும். அவர் துணைவேந்தருக்குச் சம்பந்தி.’ கையொப்பம், செயலாளர். முத்திரை.”

எண்ணூறு தலைகள் என் பக்கம் திரும்பின. சம்பந்தி விழித்துக்கொண்டார். துணைவேந்தரின் முகம் சிவந்தது, வெளுத்தது, பிறகு எப்படியோ ஒரு புன்னகைக்கு வந்து சேர்ந்தது. பெரிய மனிதர் பெரிய மனிதர்தான். எழுந்து நின்று பலமாகக் கைதட்டினார்.

“பிரமாதம்! என்ன அருமையான கற்பனை! நம்மை நாமே கிண்டல் செய்துகொள்ள இத்தனை சுதந்திரம் வேறெங்கே கிடைக்கும்? நகைச்சுவைப் பிரிவில் முதல் பரிசு இவருக்கே!”

நகைச்சுவைப் பிரிவு என்று ஒன்று அந்த நொடி வரை இல்லை. நிர்வாகத் திறமை என்பது இதுதான்.

கேடயம் கொண்டுவரப்பட்டது. அவள் அதை வாங்கிக்கொள்ளவில்லை. மைக்கை இறுகப் பிடித்து, “சார், இது கற்பனை இல்ல” என்றாள்.

அதோடு ஒலி நின்றது. அவள் உதடுகள் மட்டும் அசைந்தன. பின்வரிசையில் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். மேடைக்குப் பக்கத்தில் இருந்ததால் எனக்கு மட்டும் கேட்டது: “ஆறு மணி வரைக்கும் திறந்து வைப்பீங்களா சார்?”

திரும்பிப் பார்த்தேன். மைக்காரர் சுவிட்சிலிருந்து கையை எடுத்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். “இந்த வரி தாள்ல இல்ல சார்.”

ஏழாம் விதி வெற்றிகரமாகச் செயல்பட்டது. ஏனோ அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. விழாச் சாப்பாட்டில் உப்பு குறைவாக இருந்திருக்கலாம்.

அறிக்கையில் ‘மாணவர்களின் கருத்துகள் அனைத்தும் கேட்கப்பட்டன’ என்று எழுதினேன். என் காதில் விழுந்ததே, அது பொய்யாகுமா? துணைவேந்தர் மகிழ்ந்து நிகழ்ச்சியை மாதந்தோறும் நடத்த உத்தரவிட்டார். ஒத்திகைக்குச் சத்தமில்லாத ஒரு பெரிய இடம் தேவைப்பட்டது. வளாகத்தில் அப்படி ஒன்றுதான் இருக்கிறது. ஆகவே, மாணவர் குரலை வளர்க்கும் பொருட்டு, நூலகம் இப்போது மூன்று மணிக்கே மூடப்படுகிறது.

மாணவி ப்ராஜெக்ட்டை எப்படியோ எழுதிக் கொடுத்தாள். ‘பார்வையிட்ட நூல்கள் போதாது’ என்று மதிப்பெண்ணைக் குறைத்தார்கள். கல்வித் தரத்தில் நாங்கள் யாருக்காகவும் விட்டுக்கொடுப்பதில்லை.

படிப்பு முடிந்து போகும் நாளில், நூலகத்துக்குத் திருப்பித் தர வேண்டியது ஏதுமில்லை என்ற சான்றிதழில் கையெழுத்து வாங்க அவள் என் அறைக்கு வந்தாள். நூலகர் ஒத்திகையில் தூங்கிக்கொண்டிருந்ததால் அந்தப் பொறுப்பும் அன்று என்னிடம் இருந்தது. அச்சிட்ட வரியைப் படித்தேன்: ‘இம்மாணவியிடம் இப்பல்கலைக்கழகத்தின் புத்தகம் எதுவும் இல்லை என்று சான்றளிக்கிறோம்.’

“ஓரத்துல ஏதாவது எழுதணுமா சார்?” என்று கேட்டாள். குரலில் கோபம்கூட இல்லை.

“வேண்டாம்மா” என்றேன். “இதுல திருத்தறதுக்கு ஒண்ணுமில்ல.”

ஊதா முத்திரையை எடுத்துக் குத்தினேன். எத்தனையோ ஆயிரம் தாள்களில் குத்திய முத்திரை அது. ஒரு முழு உண்மையின்மேல் விழுந்தது அதுவே முதல் தடவை.