கனடாவில் வெங்காயம் நாலு கிலோ நூறு

ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நான் என் சொந்த வீட்டிலேயே மூன்று நாள் தலைமறைவாக இருந்திருக்கிறேன். கொலை செய்துவிட்டு அல்ல, ஏலச்சீட்டு நடத்தி ஊரை ஏமாற்றிவிட்டும் அல்ல. ஒரு தேதியைத் தப்பாகப் பார்த்ததற்காக. அதுவும் யார்? செஞ்சி பஸ் ஸ்டாண்டில் இருபத்தெட்டு வருஷம் டைம்கீப்பராக உட்கார்ந்து, இரண்டு நிமிடம் தாமதமாக வந்த டிரைவர்களைக்கூட ஜனங்கள் முன்னால் நிற்க வைத்து, "காரணம் எழுதிக் குடுத்துட்டு வண்டிய எடு" என்று அதட்டிய நான். ரிட்டயர் ஆகி மூன்று வருஷமாகியும் ஊரில் என் பெயர் டைம்கீப்பர்தான். பெற்றவர்கள் வைத்த பெயர் ரேஷன் கார்டில் பத்திரமாக இருக்கிறது.

எங்கள் மகன் பிரபு கனடாவில் வேலை பார்க்கிறான். ஆறு மாதம் வந்து தங்கிவிட்டுப் போங்கள் என்று எனக்கும் வசந்தாவுக்கும் விமான டிக்கெட் எடுத்து என் போனுக்கு அனுப்பினான். நான் அதை பஜாரில் ஜெராக்ஸ் கடையில் கலர் பிரிண்ட் எடுத்து, கையோடு லேமினேஷனும் போட்டுவிட்டேன். (எனக்கு அது ஒரு வியாதி. கேஸ் சிலிண்டர் புத்தகத்தின் முதல் பக்கம், ரிட்டயர்மென்ட் ஆர்டர், எங்கள் கல்யாணப் பத்திரிகை, எல்லாமே லேமினேஷன்தான்.) லேமினேஷன் போட்ட காகிதத்தில் தப்பு இருக்காது என்பது என் அசைக்க முடியாத நம்பிக்கை. அதற்கு என்ன ஆதாரம் என்று யாராவது கேட்டிருந்தால் முறைத்திருப்பேன்.

பத்து நாள் கழித்து பிரபு இன்னொரு ஃபைல் அனுப்பினான். வசந்தாதான் பார்த்தாள்.

"ஏங்க, பையன் மறுபடியும் இன்னாவோ அனுப்பிக்கிறான். தொறந்து பாருங்க."

"அதே டிக்கெட்டுதான். போய்ச் சேந்துதோ இல்லியோன்னு ரெண்டு வாட்டி அனுப்புவானுங்க. இதெல்லாம் உனக்குப் புரியாது."

வசந்தா அங்கன்வாடி டீச்சராக இருந்து ரிட்டயர் ஆனவள். ஊர்க் குழந்தைகளின் எடை, உயரம், தடுப்பூசித் தேதி என்று ரிஜிஸ்டர் ரிஜிஸ்டராக ஒரு அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதியவள். அவளிடம்தான் இப்படிச் சொன்னேன். அந்த ஃபைலை நான் திறக்கவேயில்லை.

அவளுக்கு அந்தப் பயணத்தில் ஒரே ஒரு குறை. நாங்கள் கிளம்பும் வியாழனுக்கு அடுத்து வரும் ஞாயிற்றுக்கிழமை, பக்கத்து ஊர் வல்லத்தில் அவள் தம்பி ஏழுமலையின் மகள் திவ்யாவுக்கு நிச்சயதார்த்தம். திவ்யா வசந்தாவின் மடியில் உட்கார்ந்து பேசக் கற்ற பெண். "நாலு நாள் தள்ளி டிக்கெட் எடுக்கச் சொல்லியிருந்தா இன்னா?" என்று தயங்கித் தயங்கித்தான் கேட்டாள். "ஏரோப்ளேன் இன்னா உன் தம்பி வூட்டு டிராக்டரா, சொன்னா நிக்கறதுக்கு?" என்றேன். அன்று இதைப் பெரிய நகைச்சுவை என்று நினைத்து நானே சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

அந்த வியாழக்கிழமை காலை எனக்கு நடந்த வழியனுப்பு விழாவை நினைத்தால் இன்றும் உடம்பு கூசுகிறது. பஸ் ஸ்டாண்ட் வாசலில் பழைய டிரைவர்களும் கண்டக்டர்களும் சேர்ந்து ஃப்ளெக்ஸ் வைத்திருந்தார்கள். 'கனடா செல்லும் எங்கள் காலம் தவறாத கண்ணியமே!' என்று கொட்டை எழுத்து. பின்னால் செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலை. மலையைவிடப் பெரிதாக ஒரு விமானம். விமானத்தைவிடப் பெரிதாக நான், கறுப்புக் கண்ணாடியோடு. வசந்தா ஒரு மூலையில், தபால் தலை அளவில். நம் ஊரில் மனிதன் பேரூராட்சியில் ஒரு மனு கொடுத்தால்கூட ஃப்ளெக்ஸ் வைக்கிறார்கள் என்று அதுவரை கேலி பேசிக்கொண்டிருந்தவன் நான்தான். என் முகம் வந்ததும் பதினைந்து நிமிடம் அதன் அடியில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டேன். மாலையோடு ஒரு சொற்பொழிவும் ஆற்றினேன். தலைப்பு: வாழ்க்கையில் நேரம் தவறாமை. கைதட்டினார்கள். காரில் ஏறிக் கையசைத்தேன், ஏதோ திரும்பி வராதவனைப் போல.

திண்டிவனம் தாண்டுவதற்குள் பிரபு வீடியோவில் வந்தான். அங்கே நள்ளிரவு தாண்டியிருக்கும். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் யாரோ போட்ட மாலை போட்டோவைப் பார்த்து அலறியடித்து எழுந்திருக்கிறான்.

"நைனா, எங்க கெளம்பிட்டீங்க?"

"எங்கன்னா? உங்க ஊருக்குத்தான்டா."

"ஐயோ நைனா, டிக்கெட்ட அடுத்த வியாழனுக்கு மாத்திட்டேனே! அம்மா திவ்யா நிச்சயத்துக்கு இருக்கணும்னு ஆசப்பட்டாங்க, அதான் மாத்துனேன். ரெண்டாவதா அனுப்பினத நீங்க பாக்கல?"

மடியில் இருந்த லேமினேஷன் டிக்கெட்டைப் பார்த்தேன். பளபளவென்று இருந்தது. பக்கத்தில் வசந்தாவைப் பார்த்தேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தால், அவள் முகம் மலர்ந்துவிட்டது. "அப்ப ஞாயித்துக்கிழம நான் வல்லத்துல இருப்பேன்" என்றாள். அவளுக்கு அது மட்டும்தான் காதில் விழுந்தது. எனக்கு அந்தக் கைதட்டல்தான் திரும்பத் திரும்பக் கேட்டது.

"திரும்பிப் போயி, தேதி தப்பாயிடுச்சுன்னு சொன்னா முடிஞ்சுது" என்றாள்.

"எந்த மூஞ்சிய வச்சிக்கினு சொல்றது? ஒரு வாரம் யார் கண்ணுலயும் படாம இருந்துட்டு, அடுத்த வியாழன் சத்தமில்லாம கெளம்பிடலாம்."

பஸ்ஸில் திரும்ப முடியாது. அந்தத் தடத்தில் என்னைத் தெரியாத கண்டக்டர் கிடையாது. நல்லவேளை, கார் டிரைவர் திண்டிவனத்துக்காரர். மத்தியானம் இரண்டரை மணிக்கு, செஞ்சியே கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருக்கும் வெயிலில், பின் சந்து வழியாக நான்கு பெட்டிகளோடு என் வீட்டுக்குள் நானே திருடனைப் போல நுழைந்தேன்.

முன் கதவில் வெளிப்பூட்டு தொங்கியது. அதன் சாவி பக்கத்து வீட்டுத் தரணேந்திரனிடம் இருந்தது. பஜாரில் மளிகைக் கடை வைத்திருப்பவர். ஜைனர். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடித்துவிடுகிறவர் என்பதால், தினமும் ஐந்து மணிக்கே வந்து எங்கள் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றி, கூடத்தில் விளக்கைப் போட்டுவிட்டுப் போவதாக ஏற்பாடு. ஆகவே தினமும் நாலே முக்காலுக்கு நானும் வசந்தாவும் சாமான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும் என்று ஒரு டைம்டேபிள் போட்டேன். (போட்டுக் கையெழுத்தும் போட்டேன்.)

வெள்ளிக்கிழமை தரணேந்திரன் பூட்டைத் திறப்பதற்கு முன்னால் ஒரு நிமிடம் பலமாக இருமினார். சளி போலிருக்கிறது, பாவம் என்று நினைத்தேன். கூடத்து மேஜையில் ஒரு பால் பாக்கெட்டையும் இரண்டு வாழைக்காயையும் வைத்துவிட்டுப் போனார். "வயசாயிடுச்சு, கையில இருந்தத மறந்து வச்சிட்டுப் போயிட்டாரு" என்று வசந்தாவிடம் அனுதாபப்பட்டேன். அவள் என்னைப் பார்த்த பார்வையை அப்போது நான் சரியாகப் படிக்கவில்லை. வாழைக்காயை வறுத்துத் தந்தாள். சாப்பிட்டேன்.

ஃபேன் போட்டால் சத்தம் கேட்கும் என்று போடவில்லை. ஜன்னல் திறக்கவில்லை. டிவி ஊமையாக ஓடியது. வேர்த்து ஊற்ற, இரண்டு பேரும் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். முப்பத்திரண்டு வருஷத் தாம்பத்தியத்தில் நாங்கள் அவ்வளவு நேரம் சேர்ந்து இருந்ததில்லை. அதில் பெரும்பாலான நேரம் அவள் பேசவில்லை.

பேசினால் ஒரே கேள்விதான். "ஞாயித்துக்கிழம?"

"எப்படிப் போவ? அப்புறம் நான் எங்க இருக்கறேன்னு கேக்க மாட்டாங்களா?"

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு என் புத்தி உச்சத்துக்குப் போயிற்று. கனடா போய்ச் சேர்ந்துவிட்டோம் என்று யாரிடமாவது சொல்லிவைத்தால்தானே ஊர் நம்பும்? ஏழுமலைக்கு வாட்ஸ்அப்பில் கூப்பிட்டேன்.

"மாமா! போய்ச் சேந்துட்டீங்களா? அக்கா எப்படிக்கீது?"

"நல்லாருக்குது, ஏழுமல. பயங்கரக் குளிரு. ஜன்னலத் தொறக்க முடியல." (கடைசி வாக்கியம் உண்மை.)

"நாளைக்கி நிச்சயம் மாமா. அக்காகிட்ட ஒரு வார்த்த..."

அந்த நேரம் பார்த்து எங்கள் தெருவுக்குள் வெங்காய வண்டி நுழைந்தது. எதிர்வரிசை முழுக்க வெங்காயத்தைக் கையால் தொடாத ஜைனர் வீடுகள். ஆனாலும் அந்தச் சண்டாளன் எங்கள் வாசலில்தான் நிறுத்தினான். ஒலிபெருக்கி அலறியது: 'வெங்காயம், வெங்காயம், பெரிய வெங்காயம்! நாலு கிலோ நூறு ரூபா! வாங்கம்மா, வாங்க!'

ஏழுமலை விலையை முழுதாகக் கேட்டுக்கொண்டான்.

"மாமா, கனடாவுலயும் நாலு கிலோ நூறுதானா?"

"இங்க... நம்ம ஆளுங்க ஜாஸ்தி, ஏழுமல."

"அங்க இப்ப ராத்திரி இல்ல?"

"ராத்திரியிலயும் விக்கிறாங்க."

"சரிங்க மாமா" என்றான், ரொம்ப மரியாதையாக. நான் அழைப்பைத் துண்டித்தேன். எப்படிச் சமாளித்தேன் பார்த்தாயா என்கிற பெருமையோடு திரும்பினால், வசந்தா சமையலறை வாசலில் நின்றிருந்தாள். கண் கலங்கியிருந்தது.

"எம் பொண்ணு நிச்சயத்துக்கு என்னோட ஒரு வார்த்த பேசத்தான் அவன் கேட்டான். நீங்க கட் பண்ணிட்டீங்க."

நான் வாயைத் திறந்தேன். அவள் விடவில்லை.

"ரெண்டு நிமிஷம் லேட்டா வந்தவன ஊரு முன்னாடி நிக்க வச்சீங்க. நீங்க ஒரு வாரம் முன்னாடியே வந்துட்டீங்க. நீங்களும் போயி நில்லுங்க. நான் நாளைக்கிப் போறேன்."

மறுநாள் எட்டரை மணிக்குக் கனடாவுக்கென்று கட்டி வைத்திருந்த பெட்டியைப் பிரித்து அரக்குப் பட்டுப்புடவையை எடுத்துக் கட்டிக்கொண்டாள். பின் கதவுச் சாவியை நீட்டினேன். அதை வாங்காமல் முன் ஜன்னலை விரியத் திறந்தாள். மூன்று நாள் கழித்து வீட்டுக்குள் வெளிச்சம் வந்தது.

"தரணேந்திரண்ணே, இந்தக் கதவக் கொஞ்சம் தொறந்து விடுங்க."

அவர் அதிர்ந்து போவார், கத்துவார் என்று நான் சாமான் அறைக்குள் பதுங்கினேன். சாவி திரும்பும் சத்தம் கேட்டது. பிறகு அவர் குரல், சாவதானமாக: "கெளம்பிட்டியாம்மா? எட்டே முக்காலுக்கு வல்லம் பஸ் இருக்குது. சார் வரலியா? வாழைக்கா நல்லா இருந்துதா?"

வியாழக்கிழமை இரவுச் சமையலில் கடுகு தாளித்த வாசனையிலேயே அவருக்குத் தெரிந்துவிட்டதாம். வெள்ளிக்கிழமை காலை பஸ் ஸ்டாண்டுக்கே தெரிந்துவிட்டதாம். டைம்கீப்பருக்குச் சங்கடமாக இருக்கும், அவராக வெளியே வரும்வரை யாரும் கண்டுகொள்ளக் கூடாது என்று பேசி வைத்துக்கொண்டு, ஊரே எனக்காக நடித்திருக்கிறது. தரணேந்திரனின் இருமலும் அதில் ஒரு பாகம். நான் ஊரை ஏமாற்றுவதாக நினைத்து வியர்வையில் ஊறிக்கொண்டிருந்தேன். ஊர் என்னைக் குழந்தையைப் போலப் பார்த்துக்கொண்டிருந்தது.

வசந்தா திறந்து போட்ட கதவு ஒரு மணி நேரம் திறந்தே கிடந்தது. அந்த ஒரு மணி நேரம் எனக்கு என்மேல் வந்த வெறுப்பு கொஞ்சநஞ்சமல்ல. அவளுக்காக மகன் மாற்றித் தந்த நாட்களை, ஒரு மாலைக்காகவும் பத்துக் கைதட்டலுக்காகவும் நான் அவளிடமிருந்து பிடுங்கப் பார்த்திருக்கிறேன். எழுந்து சட்டையைப் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன்.

ஃப்ளெக்ஸில் இருந்த நான் கறுப்புக் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தேன். டைம் ஆபீஸ் வாசலில் டிரைவர் பெருமாள் நின்றிருந்தார். அதே வாசலில் அவரை நான் எத்தனை முறை நிற்க வைத்தேன் என்று எனக்குக் கணக்கில்லை. அவருக்கு இருக்கும். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். சிரிக்காமல் ஒரு வெள்ளைத்தாளையும் பேனாவையும் நீட்டினார்.

"சார், காரணம் எழுதிக் குடுத்துட்டு வண்டியில ஏறுங்க."

வாங்கி எழுதினேன். 'தேதியைச் சரியாகப் பார்க்கவில்லை. மனைவி சொன்னதைக் கேட்கவில்லை. இனி கேட்பேன்.' கீழே என் ரேஷன் கார்டுப் பெயரைப் போட்டுக் கையெழுத்திட்டேன். அதன்பிறகுதான் பஸ் ஸ்டாண்டே வெடித்துச் சிரித்தது. வியாழக்கிழமை வந்த கைதட்டலைவிட இதில் உயிர் அதிகம்.

வல்லம் போய்ச் சேர்ந்தபோது தட்டு மாற்றி முடித்துவிட்டார்கள். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு விசேஷத்துக்கு நான் லேட். வசந்தா முன்வரிசையில், திவ்யாவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வெங்காயச் சத்தம் கேட்ட நிமிடமே அக்காவுக்கென்று அந்த நாற்காலியை ஒதுக்கி வைத்துவிட்டானாம் ஏழுமலை. என்னைக் கண்டதும் ஓடி வந்தான்.

"வாங்க மாமா. சாம்பார்ல கனடா வெங்காயம்தான் போட்டுக்கிறோம்."

அடுத்த வியாழன் நாங்கள் நிஜமாகவே கிளம்பியபோது, முதல் தடவை வந்ததைவிட இரண்டு மடங்கு கூட்டம். பாதிப் பேர் டிக்கெட்டை வாங்கித் தேதியைச் சரிபார்த்தார்கள். டிக்கெட் வசந்தாவின் கைப்பையில் இருந்தது, வெறும் காகிதமாக.

ஆறு மாதம் கழித்துத் திரும்பி வந்தோம். எங்கள் வீட்டில் இன்றும் வெங்காயம் நறுக்கும்போதெல்லாம் யாராவது ஒருவர் விலை கேட்கிறார்கள். அது பரவாயில்லை. டைம் ஆபீஸ் சுவரில், புறப்பாட்டு அட்டவணைக்குப் பக்கத்தில், புது டிரைவர்கள் எல்லோரும் படிக்கும்படி என் காரணக் கடிதத்தை மாட்டியிருக்கிறார்கள். லேமினேஷன் போட்டு. போகும்போதும் வரும்போதும் படித்துப் பார்க்கிறேன். அதில் ஒரு தப்பும் இல்லை.