அமுக்கினால் வலிக்காத முழங்கால்

மதிப்பும் பாசமும் மிக்க மாப்பிள்ளைக்கு,

உங்கள் மச்சான் எழுதுவது. நீங்களும் என் தங்கச்சியும் பிள்ளைகளும் சுகம்தானே? என் சுகத்தில்தான் கோளாறு. திடீரென்று சுகமாகிவிட்டேன்.

பட்டாளத்தில் உருளைக்கிழங்கு மூட்டையோடு லாரியிலிருந்து விழுந்தேனே, அந்த வலது முழங்காலுக்கு வரும் ஊன ஓய்வூதியத்துக்காக இன்று மறுபரிசோதனை. அந்த ஓய்வூதியம் நின்றால் மறுபடி வாட்ச்மேன் வேலைக்குப் போய் நாள் முழுக்க நிற்க வேண்டும். ஆஸ்பத்திரி வராந்தாவில் முன்னாள் சிப்பாய்கள் ஆளுக்கொரு காலை நீட்டி உட்கார்ந்திருந்தோம், அட்டெண்டர் தாண்டித் தாண்டிப் போனார். உள்ளே போகுமுன் பக்கத்து ஆளின் முழங்காலைத் தட்டி, “நல்லா வலிக்கட்டும்பா!” என்று வாழ்த்துவது எங்கள் வழக்கம். என் பக்கத்து நாற்காலி காலி. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேனா? நீங்கள் இருப்பதாக நினைத்து அதைத் தட்டி, “மாப்பிள்ளை, நல்லா வலிக்கட்டும்!” என்றேன். நாற்காலி வெதுவெதுப்பாக இருந்தது.

டாக்டர் அமுக்கினார். “வலிக்குதா?”

எனக்கு ஒன்றுமில்லை. வராந்தாவில் யாரோ “ஐயோ!” என்று அலறினார்கள். மறுபடி அமுக்கினார். மறுபடி அலறல்.

“யாருய்யா வெளிய?”

“யாரும் வாயே திறக்கல டாக்டர். நான் அங்கதானே நிக்கிறேன்?” என்றார் அட்டெண்டர்.

ஆனால் எனக்குக் குரல் தெரிந்துவிட்டது மாப்பிள்ளை. கல்யாணத்தன்று செருப்புத் தொலைந்ததும் நீங்கள் கத்திய அதே குரல். ‘வலியில்லை’ என்று டாக்டர் எழுதிவிட்டார். வெளியே வந்து தங்கச்சிக்குப் போன் போட்டேன்.

“அண்ணா, நல்லா இருந்த மனுஷன், காலைலேருந்து முழங்காலப் பிடிச்சுக்கிட்டு கத்துறாருண்ணா! இங்க வந்து பாத்த டாக்டருக்கும் ஒண்ணும் புரியல!”

உங்களிடம் பேசலாமென்றால் அலறலைத் தவிர எதுவும் கேட்கவில்லை, அதனால்தான் கடிதம். திங்கட்கிழமை மேல்முறையீடு. தயவுசெய்து வந்து திரைக்குப் பின்னால் உட்காருங்கள். டாக்டர் என் காலை அமுக்கும்போது நீங்கள் எப்படியும் கத்தத்தான் போகிறீர்கள், அதைக் கொஞ்சம் என் குரலில் கத்தினால் நம் குடும்பம் பிழைக்கும்.

தங்கச்சிக்கு ஆசி, பிள்ளைகளுக்கு முத்தம், உங்கள் காலுக்கு என் வணக்கம்.

இப்படிக்கு,
மச்சான்

பி.கு.: இந்தக் கடித உறையை ஒட்டப் பசை எடுக்க மாடி ஏறினேன். படிக்குப் படி உங்கள் அலறல், என் காதுக்குப் பக்கத்திலேயே. அந்த வலி எனக்குத் தெரியும் மாப்பிள்ளை, பகையாளிக்கும் வேண்டாம். மேலே எழுதியதையெல்லாம் மறந்துவிடுங்கள். மேல்முறையீடும் வேண்டாம், ஓய்வூதியமும் வேண்டாம். காலை நீட்டி உட்கார்ந்துவிட்டேன், இனி அசையமாட்டேன். ஒரே ஒரு சிக்கல், தபால்பெட்டி தெருமுனையில் இருக்கிறது. கொஞ்சம் பல்லைக் கடித்துக்கொள்ளுங்கள்.