தாகத்துக்கு ஆங்கிலம்

மனித குலத்தின் வளர்ச்சியை மூன்று கட்டங்களாகப் பிரிக்கலாம்: நெருப்பு, சக்கரம், 'மே ஐ ஹாவ்'. முதல் இரண்டையும் யார் கண்டுபிடித்தார்கள் என்று தெரியவில்லை. மூன்றாவதை எங்கள் அலுவலகத்துக்குக் கொண்டுவந்தவன் அடியேன்.

தலைமை அலுவலகத்திலிருந்து இயக்குநர் வருகிறார், பெரிய உணவகத்தில் விருந்து கொடுக்கிறார், அந்த மேஜையிலேயே புதிய தலைமைக் கணக்கரை அறிவிப்பார் என்று தகவல் வந்தது. நாலு பேர் நடுவில் ஆங்கிலத்தில் ஒரு பானம் கேட்கத் தெரியாதவனுக்கு வரவு செலவு மட்டும் எப்படித் தெரியும் என்பது அவர் 'கொள்கை'. எவ்வளவு ஆழம் பாருங்கள்! உடனே 'பான ஆங்கிலப் பயிற்சிக் குழு' அமைந்தது. செயலாளர் நான்.

விதிகள் எளியவை. வாக்கியம் முழுசாக வர வேண்டும். பாதியில் தடுக்கினால் மறுபடி 'எக்ஸ்க்யூஸ் மீ'யிலிருந்து. ஒன்றுமே புரியாவிட்டால், பக்கத்தில் இருப்பவர் குடிப்பதைக் காட்டி 'ஸேம் ஃபார் மீ'. தமிழ் வாயில் வந்தால் ஆள் காலி.

எங்கள் கணக்கருக்குத்தான் சந்தேகம் தீரவே இல்லை.

"சார், ரொம்பத் தாகமா இருந்தா?"

"முதல்ல எக்ஸ்க்யூஸ் மீ. அப்புறம்தான் தாகம்."

"தொண்டை காஞ்சு போயிருந்தா?"

"காஞ்ச தொண்டையிலதான் உச்சரிப்பு நல்லா வரும்."

பாவம், அந்தப் பதவிக்காகப் பல வருஷமாகத் தவம் கிடந்தவர். வீட்டில் மனைவி இப்போதே அவரைத் 'தலைமைக் கணக்கரே' என்றுதான் கூப்பிடுகிறாராம்.

விருந்து நாள் வந்தது. கழுத்தில் 'போ டை' கட்டிக்கொண்டு எங்கள் மேஜைக்கே வந்து நின்ற பரிமாறுபவனைப் பார்த்ததும் கணக்கர் திடுக்கிட்டார். மனைவியின் கூடப் பிறந்த தம்பி! ஒரே வீட்டில் ஒரே சோப்பைத் தேய்த்துக் குளிக்கிறவர்கள். ஆனால் விருந்தாளியிடம் தமிழ் பேசினால் அந்த உணவகத்தில் வேலை போய்விடும். ஆகவே மச்சினன், "குட் ஈவ்னிங், சார்" என்று சுவரைப் பார்த்துச் சொன்னான். அந்தக் கட்டுப்பாட்டில் நான் நெகிழ்ந்து போனேன்.

முதல் கவளத்திலேயே கணக்கருக்கு விக்கல் பிடித்துக்கொண்டது.

"எக்ஸ்க்யூஸ் மீ, மே ஐ ஹாவ் எ... ஹிக்!"

"முதல்லேருந்து," என்று காதோரம் நினைவூட்டினேன்.

"எக்ஸ்க்யூஸ் மீ, மே... ஹிக்! வாட்... ஹிக்!"

"ஸ்டில் ஆர் ஸ்பார்க்ளிங், சார்?" என்றான் மச்சினன். அவனுக்கும் விதிகள் உண்டு. "வித் ஐஸ் ஆர் வித்தவுட் ஐஸ்?"

இது எங்கள் பாடத்திட்டத்தில் இல்லை. கணக்கரின் முகம் சிவந்து, கண்ணில் நீர் முட்டியது. மச்சினனைப் பார்த்தார். மச்சினன் வாசலில் நின்ற உணவக மேலாளரைப் பார்த்தான். கணக்கர் வேறு வழியில்லாமல் மேஜை நடுவிலிருந்த பூச்சாடியை இழுத்து, பூக்களைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, கடகடவென்று குடித்தார்.

அதுவரை மெனு அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்த இயக்குநரின் முகம் தெளிந்தது. விரலை நீட்டினார்.

"ஸேம் ஃபார் மீ."

"ஸேம் ஃபார் மீ," என்றார் எங்கள் கிளை மேலாளர். நான் மட்டும் சளைத்தவனா?

"வித் ஃப்ளவர்ஸ் ஆர் வித்தவுட் ஃப்ளவர்ஸ், சார்?"

"வித்," என்றார் இயக்குநர் கம்பீரமாக.

பூச்சாடிகள் வந்தன. கணக்கரின் விக்கல் மட்டும் நிற்கவில்லை, மூச்சு இழுத்தது. அப்போதுதான் அந்த அசம்பாவிதம் நடந்தது. மச்சினன் ஏந்தி வந்த தட்டில் யாருமே கேட்காத ஒரு தம்ளர் தண்ணீர் இருந்தது.

"இந்தாங்க மாமா, குடிங்க. உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா அக்காவுக்கு யாரு பதில் சொல்றது?"

விக்கல் நின்றது. மேஜையில் பேச்சும் நின்றது. கணக்கர் அவன் கையைப் பிடித்தபடியே இருந்தார், வாய் மட்டும் திறக்கவில்லை.

"வெரி குட்!" என்று இயக்குநர் அவர் முதுகில் தட்டினார். உயிர் போகும் நேரத்திலும் ஒரு தமிழ்ச் சொல் வரவில்லையே! பதவி அங்கேயே உறுதியானது. பூச்சாடித் தண்ணீர் குடித்தவர் தலைமைக் கணக்கர் ஆனார்.

எனக்கு ஒரு கடமை பாக்கி இருந்தது. உணவக மேலாளரின் அறைக்குப் போனேன்.

"உங்க ஆளு ஒருத்தன் எங்க மேஜையில தமிழ்ல பேசிட்டான் சார்."

அவர் பதறி எழுந்தார். "ஐயையோ! மன்னிச்சுக்குங்க சார். நாளையிலேருந்து அவன் இங்க இருக்கமாட்டான்."

"ரொம்ப நல்லதுங்க. ஒழுக்கம்னு ஒண்ணு வேணுமில்லையா?"

பேசிப் பேசி இருவருக்கும் நா வறண்டிருந்தது. அவர் கதவைத் திறந்து, "ரெண்டு தம்ளர் தண்ணி கொண்டாப்பா!" என்று குரல் கொடுத்தார்.

உடனே வந்தது. கொண்டுவந்தவன் அந்த மச்சினன்தான்.