பாயா சாப்பிட்டுவிட்டுப் போன ஆபரேஷன்

மருந்துக் கடை வைத்திருப்பவனைச் சொந்தக்காரர்கள் அரை டாக்டர் என்று நினைத்துவிடுகிறார்கள். அதில் பெரிய ஆபத்தில்லை. அவனே அப்படி நினைத்துக்கொள்ளும்போதுதான் ஆபத்து.

அத்தாவுக்கு, அதாவது என் அப்பாவுக்கு, குடலிறக்க ஆபரேஷன். வயது எழுபத்தைந்தைத் தாண்டியிருந்தது. சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, பழைய வீசிங், இதயத்தில் ஒரு ஸ்டென்ட் (என் கடையில் பாதி அலமாரி அவருக்காகத்தான்). ஆபரேஷன் செய்கிற டாக்டர் எப்போதோ தயார். மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரம்மாதான் லேசில் சம்மதிக்கவில்லை.

"ஆபரேஷன் சின்னதுதான். இந்த நெஞ்சையும் இதயத்தையும் வெச்சுக்கிட்டு இவரைத் தூங்க வெச்சு, மறுபடி எழுப்பணும் பாருங்க, அதுதான் பெரிசு" என்று ஒரு மாதம் அலையவிட்டார். இதய டாக்டர், நெஞ்சு டாக்டர், சர்க்கரையைக் குறைப்பது எல்லாம் முடிந்து ஒருவழியாக ஒரு நாள் காலை ஒன்பது மணிக்கு என்று குறித்தார். வயதானவர்கள் மயக்கம் தெளிந்ததும் சில நாள் குழம்பலாம், ஆளைக்கூடத் தெரியாமல் போகலாம் என்றும் சொன்னார். எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

"ஆபரேஷனுக்கு முன்னாடி எட்டு மணி நேரம் வெறும் வயிறா இருக்கணும்" என்றார் கடைசியாக. நான் தலையாட்டினேன் (எனக்கே சொல்றீங்களா என்பதுபோல).

பூந்தமல்லி வீட்டுக்கு வந்து அம்மாவிடம் விஷயத்தைச் சுருக்கமாகச் சொன்னேன். "நோன்பு மாதிரின்னு வெச்சுக்குங்கம்மா."

அத்தா சிரித்தார். "ஏழு வயசுலேர்ந்து நோன்பு புடிக்கிறவன்டா நானு. என்னான்ட வந்து பட்டினி கெடன்றாங்களா?"

நோன்பு என்றால் எங்கள் வீட்டில் சஹரும் உண்டு. விடிகாலை பாங்குக்கு முன்பே எழுந்து, பகல் முழுக்கத் தாங்குகிற மாதிரி சாப்பிட்டுவிடுவோம். அம்மா முறைப்படி எழுப்பினார். இடியாப்பம், ஆட்டுக்கால் பாயா. மருந்தியலில் பட்டம் வாங்கிய நான் அரைத் தூக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து நானும் சாப்பிட்டேன். அதோடு விட்டேனா? "இன்னொரு கரண்டி ஊத்திக்குங்கத்தா, எப்ப வெளிய உடுவாங்களோ" என்று உபசாரம் வேறு.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் கேட்டபோது, "விடிஞ்சதுலேர்ந்து பச்சத்தண்ணி பல்லுல படல சிஸ்டர்" என்றேன், பெருமையாக. அவர் நம்பிவிட்டார்.

டாக்டரம்மா நம்பவில்லை. ஆபரேஷன் அறை வாசலில் அத்தாவையே கேட்டார். "சரி, விடியறதுக்கு முன்னாடி?"

"அது நல்லா சாப்டேன்மா, பாயா. உங்களுக்கும் ஒரு டப்பால எடுத்துகினு வந்துகீறோம்."

டாக்டரம்மா கையுறையைக் கழற்றினார். என்னை ஓரமாக அழைத்து, குரலை உயர்த்தாமல் சொன்னார்: "மயக்கத்துல அது மேல வந்து நுரையீரலுக்குள்ள போயிருந்தா, இவருக்கு இருக்கிற நெஞ்சுக்கு என்னால ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது."

பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன். பாயா டப்பா மடியில் இருந்தது, மூடி சரியாக மூடாமல். போகிறவர் வருகிறவர் எல்லாம் மோப்பம் பிடித்துவிட்டுப் போனார்கள்.

அடுத்த வாரம் மறுபடி ஏற்பாடு. இந்த முறை முதல் நாளே அத்தாவை ஆஸ்பத்திரியில் சேர்த்துக்கொண்டார்கள், எங்களை நம்பாமல். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அத்தா கண் விழித்தார். என்னையே வெறித்துப் பார்த்தார்.

"இவர் யாருன்னு தெரியுதாங்க?" என்று டாக்டரம்மா குனிந்து கேட்டார்.

மறுபடி கேட்டார். அத்தாவின் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. என்னால்தான் எல்லாம் தள்ளிப்போய் இப்படி ஆகிவிட்டது என்று எனக்கு உயிரே இல்லை.

"இவன மொதல்ல ஊட்டுக்கு அனுப்பும்மா" என்றார் அத்தா. "இன்னாத்தயாச்சும் துன்னக் குடுத்துடுவான்."

டாக்டரம்மா சிரித்துவிட்டார். "ஆளும் தெரியுது, நடந்ததும் ஞாபகம் இருக்கு. பயமில்ல."

இப்போதும் எங்கள் சொந்தத்தில் யாருக்கு ஆபரேஷன் என்றாலும், முதல் நாள் சாயங்காலமே என்னைப் பருத்திப்பட்டில் இருக்கும் அக்கா வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். மருந்து மட்டும் என் கடையில்தான் வாங்குகிறார்கள்.