வில்லனுக்கு ஒரு வக்கீல்

டிவியில் வந்த அத்தனை வில்லன்களுக்கும் சேர்த்துத் தமிழ்நாட்டில் ஒரே ஒரு வக்கீல்தான் இருந்தார். கறுப்புக் கோட்டெல்லாம் கிடையாது. விருத்தாசலத்தில் ஒரு செராமிக் ஷெட்டில், தோளில் அழுக்குத் துண்டோடு, அச்சில் மண் கரைசலை ஊற்றிப் பொம்மை எடுத்துக்கொண்டிருந்தார். அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். 'வில்லன் வக்கீல்' என்றால்தான் டீக்கடைக்காரருக்கே தெரியும்.

சீரியல் நேரத்தில் தெருவில் நாய்கூடக் குரைக்காத இரண்டாயிரங்களின் காலம் அது. நான் அந்த ஷெட்டில் பொம்மைகளை வைக்கோல் சுற்றிப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தேன். அப்போது ஓடிய ஒரு சீரியலில் சின்ன முதலாளி என்று ஒரு மகாபாவி. வாரத்துக்கு ஒரு வீட்டைக் கொளுத்துவான், மாதத்துக்கு ஓர் ஆளைத் தீர்த்துக்கட்டுவான். மறுநாள் காலையில், பொம்மைக்குக் கண் எழுதும் சரோஜா அக்கா பிரஷ்ஷும் கையுமாக அவனுக்குச் சாபம் விடுவார். உடனே வக்கீல் ஆஜர்.

"டிரைவர வெட்டுனது தப்புதான்க்கா. நான் இல்லன்னு சொல்லல. ஆனா சின்ன மொதலாளி சேத்துல வழுக்கி வுழுந்தப்ப சிரிச்சது யாரு?"

"சிரிச்சா வெட்டுவானா?"

"காசுக்கா வெட்டுனான்? சொத்துக்கா வெட்டுனான்? மானம்க்கா! உள்ள அறுத்துக்கிட்டே இருக்கும். உங்களுக்குப் புரியாது."

வக்கீலுக்கு நன்றாகவே புரியும். ரோஷத்தில் அவர் சின்ன முதலாளிக்கு அண்ணன். டீ தனக்குக் கடைசியாக வந்தால் தொடமாட்டார்; சாயங்காலம் வரை தலைவலியோடு உட்கார்ந்திருப்பார். வேப்பூர் ஹோட்டல் ஒன்றில் சர்வர் "யோவ், கொஞ்சம் நவுரு" என்றதற்காகப் பாதி தோசையில் எழுந்து, விருத்தாசலம் வரை பட்டினியாக வந்தவர். சின்ன முதலாளியின் கோபத்துக்குப் பாதி ஊர் பலி. இவர் கோபத்துக்கு இவர் வயிறு மட்டும்தான் பலி.

இப்படிப்பட்டவருடைய ஒரே தங்கையை ஸ்ரீமுஷ்ணத்தில் கொடுத்திருந்தது. தங்கை மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தானே குத்த வேண்டும்? மனுஷர் ஆசை ஆசையாகத் தன் கையாலேயே ஒரு குட்டி யானை செய்து, காயவைத்து, சூளையிலும் அடுக்கியிருந்தார். முறைப்படி தங்கையும் மாப்பிள்ளையும் தட்டில் வெற்றிலை பாக்கோடு வீட்டுக்கு வந்து அழைக்க வேண்டும். மாப்பிள்ளை என்ன செய்தார்? பஸ் ஸ்டாண்டில் நகர ஆரம்பித்துவிட்ட ஸ்ரீமுஷ்ணம் பஸ்ஸிலிருந்து இவரைப் பார்த்தார். "மச்சான், ஞாயித்துக்கெழம வந்துடுங்க!" என்று பத்திரிகையை ஜன்னல் வழியாக நீட்டிவிட்டுப் போயே போய்விட்டார்.

வக்கீல் ஷெட்டுக்குள் நுழைந்தபோது மூக்கு நுனி துடித்துக்கொண்டிருந்தது.

"ஜன்னல் வழியா வாங்க நான் என்னா வேர்க்கடலையா வாங்குறேன்? போவமாட்டேன். தாய்மாமன் இல்லாம எப்பிடி குத்துறாங்கன்னு பாத்துடுறேன்!"

"அந்தக் கொழந்த என்னாப்பா பண்ணுச்சு?" என்றார் சரோஜா அக்கா. அது வக்கீல் காதில் ஏறவில்லை.

ஒரு கை மண்ணை அள்ளினார். பிசைந்தார். தலை வந்தது, தொப்பை வந்தது, பெரிய மீசை வந்தது. பார்த்தால் சாட்சாத் மாப்பிள்ளை. "எரிஞ்சு சாவட்டும்" என்று அதை அப்படியே சூளைக்குள் கொண்டுபோய், அடுக்கியிருந்த பொம்மைகளுக்கு நடுவே வைத்துவிட்டார். காயாத மண் சூட்டில் வெடிக்கும் என்பது நேற்று வேலைக்குச் சேர்ந்தவனுக்கும் தெரியும். அதற்காக எங்களை ஓயாமல் திட்டுகிறவரே இவர்தான். அன்றைக்கு ரோஷம் கண்ணை மறைத்துவிட்டது.

சனிக்கிழமை சூளையைத் திறந்தோம். மாப்பிள்ளை வெடித்துச் சுக்குநூறாகியிருந்தார். போகும்போது பக்கத்தில் நின்ற குட்டி யானையின் தும்பிக்கையையும் கையோடு கூட்டிக்கொண்டு போயிருந்தார். அந்த மீசை மட்டும் ஒரு கீறல் இல்லாமல் கிடந்தது.

சரோஜா அக்கா சொன்னார்: "வெடிச்சது தப்புதான். ஆனா ஈரத்தோட வச்சது யாரு?"

வக்கீல் யானையை மடியில் வைத்துக்கொண்டு, "பாப்பாவுக்குன்னு செஞ்சதுக்கா" என்றார். எனக்கு ரொம்பக் கஷ்டமாகப் போயிற்று.

ஞாயிறு காலை என் வீட்டு வாசலில் புது வேட்டியோடு நின்றார். "சும்மா ஸ்ரீமுஷ்ணம் வரைக்கும் வரியா? சாமி பாத்து ரொம்ப நாளாச்சு." கையில் இருந்த பையிலிருந்து தும்பிக்கை இல்லாத யானை எட்டிப் பார்த்தது.

அங்கே ஆசாரி ஊசியோடு காத்திருந்தார். "வாங்க மச்சான்! நீங்க வராம யாரு ஊசிய தொடுறது?" என்று மாப்பிள்ளை ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார். பாவம், தான் சூளையில் வெடித்த கதை அவருக்கு எப்படித் தெரியும்? தங்கை பாப்பாவைக் கொண்டுவந்து அண்ணன் மடியில் உட்கார வைத்தாள். ஊசி பட்டதுதான் தாமதம், பாப்பா வீலென்று கத்திக்கொண்டு தாய்மாமன் கன்னத்தில் பளாரென்று ஒன்று விட்டது.

கூட்டம் மொத்தமும் சிரித்தது. 'சிரிச்சது யாரு' என்று இவர் எழுந்துவிட்டால், இன்னொரு காது என்ன ஆவது?

வக்கீல் கன்னத்தைத் தடவிக்கொண்டார். பிறகு மெதுவாக அடுத்த பக்கம் திருப்பிக் காட்டினார்.

"இன்னும் ஒரு காது இருக்குது கண்ணு. அதுக்கு இந்தக் கன்னம்."

அந்த வாரமும் சின்ன முதலாளி ஒருவனைத் தீர்த்தான். சரோஜா அக்கா சாபம் விட்டார். வக்கீல் அச்சிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "அவன் கன்னத்துல அடிக்க ஒரு தங்கச்சி புள்ள இல்லக்கா. அதான்."

என் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. குலசாமிக்கு அடுத்த பத்திரிகை வக்கீலுக்குத்தான். வெற்றிலை பாக்குத் தட்டோடு, மனைவியையும் கூட்டிக்கொண்டு, அவர் வீட்டுக்கே போய்த்தான் வைக்கப்போகிறேன்.