முதலாளியின் மெழுகு முகம்

முதலாளியின் மூக்கு கீழே இறங்கிக்கொண்டிருந்தது.

ஸ்டோர் கீப்பர் கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடியும் பார்த்தார். சந்தேகமே இல்லை. காலமான முதலாளியின் மெழுகுச் சிலை காலையில் வந்து இறங்கியபோது, மூக்கு உதட்டுக்கு இவ்வளவு பக்கத்தில் இல்லை. நாளைக்குத் திறப்பு விழா. சிலை அவர் பொறுப்பு. "அதுல ஒரு கீறல் விழுந்தாலும் நீ வீட்டுக்குப் போயிடலாம்" என்று மேனேஜர் முன்கூட்டியே வாழ்த்தியிருந்தார்.

"அண்ணே, தலைக்கு மேல ஹாலஜனை மாட்டினா உருகாம என்ன செய்யும்? அது விளக்கு இல்ல, அடுப்பு" என்றார் எலக்ட்ரீஷியன்.

"மொகம் பளிச்சுனு தெரியட்டும்னு பாத்தேன்."

"இப்ப நல்லாவே தெரியுது."

ஹாலஜனைக் கழற்றிவிட்டு அறுபது வாட் குண்டு பல்பு போட்டார்கள். வெளிச்சம் போதவில்லை என்று ஸ்டோர் கீப்பர் அதைக் கன்னத்துக்கு ஒரு சாண் தூரத்தில் இறக்கி வைத்துவிட்டு டீ குடிக்கப் போனார். திரும்பி வந்தால் கன்னம் தாடைக்குக் குடிபோயிருந்தது. வலது கண் ஓரமாக நகர்ந்து, பக்கத்தில் நிற்கும் யாரையோ பார்த்தது. அவரும் தன்னையறியாமல் அந்தப் பக்கம் திரும்பினார். யாரும் இல்லை.

"முதல்ல பல்பை அணைப்பா! கையாலயே சரி பண்ணிடறேன்."

"அப்ப சிஎஃப்எல் போடறேன். லேசான சூடுதான். மெழுகு இளகியிருக்கும், ஒழுகாது."

தாடையை மேலே தள்ளினார். வாய் திறந்துகொண்டது. மூடினார். மறுபடி திறந்துகொண்டது. விரலுக்கடியில் மெழுகு உயிருள்ள கன்னம்போல வெதுவெதுப்பாக இருந்தது. எங்கே அழுத்தினாலும் அந்த முகத்தில் பயம்தான் கூடியது. தன் விரல்கள் தன் பேச்சைக் கேட்காமல் முதலாளியின் பேச்சைக் கேட்கின்றன என்று தோன்றியதும் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"போதும்ண்ணே, விட்டுடுங்க" என்றார் எலக்ட்ரீஷியன். "எல்இடி போட்டுடறேன். அதுல சூடு பின்பக்கமாப் போயிடும், மொகத்துக்கு வராது."

உண்மைதான். கொஞ்சம்கூட வரவில்லை. மெழுகு அப்படியே, அதே கோலத்தில், கல்லாக இறுகிவிட்டது.

மறுநாள் மேனேஜர் திரையை விலக்கினார்.

"யாருய்யா இது?" என்று பல்லைக் கடித்தார்.

இருபது வருஷ வேலை கைநழுவிப் போவதை ஸ்டோர் கீப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது முன்வரிசையிலிருந்து முதலாளியின் மனைவி எழுந்து வந்தார். சிலையின் முன்னால் வெகுநேரம் நின்றார்.

"ரொம்பப் பொருத்தமா இருக்கு. இவரை ஒண்ணும் சொல்லாதீங்க."

ஸ்டோர் கீப்பருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அழுகையே வந்துவிட்டது. கும்பிட்டார்.

அந்த அம்மாள் புன்னகை மாறாமல் அவர் காதருகே குனிந்தார்.

"கடைசி நிமிஷத்துல அவர் என்னை இப்படியேதான் பாத்தாரு. அந்த ரூம்ல வேற யாருமே இல்லையே... நீங்க எங்க ஒளிஞ்சிருந்தீங்க?"