கலப்படமில்லாத எண்ணெய் வைத்தியர்

மனிதர்களில் எண்ணெய் வைத்தியர் என்று ஓர் இனம் உண்டு. இவர் படித்து வந்தவரும் அல்ல, பரம்பரையாக வந்தவரும் அல்ல. கையில் ஒரு சீசா கிடைத்த அன்றைக்குப் பிறந்தவர். அதற்கு முந்தின நாள்வரை நம்மைப் போலத் தலையில் அரித்தால் சொறிந்துகொண்டு சும்மா இருந்தவர்தான். சீசா வந்த மறுநாளிலிருந்து உங்கள் முகம் அவருக்கு முகமாகத் தெரியாது, பருவாகத் தெரியும். உங்கள் தலை பொடுகாகத் தெரியும். நீங்கள் வீடு கட்டிய கதையையோ மகளுக்கு வரன் அமைந்த கதையையோ மனம்விட்டுச் சொல்லிக்கொண்டிருக்கும்போது அவர் பார்வை மெல்ல மேலே ஏறி, உங்கள் நெற்றி முடிந்து முடி தொடங்கும் இடத்தில் போய் நிற்கும். "ரொம்பக் கொட்டுதோ?" என்பார். அவ்வளவுதான். அதற்குமேல் உங்கள் கதைக்கு அங்கே வேலையில்லை.

உதாரணத்துக்கு வேப்பம்பட்டில் ரயிலேறித் திருவள்ளூரில் இறங்கி, காக்களூர் எஸ்டேட்டுக்கு வேலைக்குப் போகும் ஆதிகேசவனை எடுத்துக்கொள்வோம். கார் உதிரிபாகம் கடையும் லேத் பட்டறையில் ஷிப்ட் சூப்பர்வைசர். அவருடைய மனைவியின் தம்பி தணிகாசலம் வெல்டிங் வேலையாக ஆஸ்திரேலியா போய்வந்தபோது, எல்லாருக்கும் சாக்லேட்டும் அக்காள் செண்பகத்துக்கு மட்டும் ஒரு குட்டிப் பழுப்புச் சீசாவும் கொண்டுவந்தார். டீ ட்ரீ ஆயில். செண்பகம் ஒருமுறை மோந்து பார்த்துவிட்டு, கற்பூரத்தைத் தைலத்தில் ஊறவைத்த வாடை என்று தீர்ப்புச் சொல்லி அடுக்களை ஜன்னலில் வைத்துவிட்டாள். எடுத்தவர் ஆதிகேசவன். அவருக்குப் பிடரியில் ஒரு பரு இருந்தது. தடவினார். சில நாளில் அடங்கியது. தடவாமல் இருந்திருந்தாலும் அடங்கியிருக்கும் என்று அவருக்கு யார் சொல்வது? பரு அடங்கியது, ஆதிகேசவன் அடங்கவில்லை.

நோயாளிகளுக்கா அந்தப் பக்கத்தில் பஞ்சம்? வேப்பம்பட்டு மனைகளில் புதிதாக வீடு கட்டிக் குடிவந்தவர்கள் எல்லாரும் போர் தண்ணீரின் உப்பில் குளித்து முடி கொட்டியவர்கள். எஸ்டேட்டில் வேலை செய்பவர்கள் எல்லாரும் ஹெல்மெட் வியர்வையில் பொடுகு வந்தவர்கள், இல்லாவிட்டால் லேத்தில் சூடு தணிய ஊற்றும் கூலன்ட் பட்டு விரலிடுக்கு வெந்தவர்கள். காலை வண்டியில் ஜன்னலோரம் உட்கார்ந்து ஆதிகேசவன் சட்டைப்பையிலிருந்து சீசாவை எடுப்பார். குலுக்குவார். வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். மூடியைத் திறந்து எதிரே இருப்பவர் மூக்குக்குக் கீழே நீட்டுவார்.

"மோந்து பாருங்கோ. இன்னாமா ஏறுது பாத்தீங்களா?"

"டீத்தூள்ல எண்ணெ எடுக்கிறானா சார்?"

"அய்யே, அந்த டீ வேற, இந்த டீ வேற. இது ஆஸ்திரேலியா மரம். டாக்டருங்க இத்த வாயத் தொறந்து சொல்லமாட்டாங்க. சொன்னா அவங்க பொழப்பு இன்னாத்துக்கு ஆவுறது?"

பருவுக்கு அது. பொடுகுக்கு அது. பேன், படை, தேமல், சேற்றுப்புண், நகச்சொத்தை, கொசுக்கடி எல்லாவற்றுக்கும் அதுவே. குணமானால் எண்ணெயின் மகிமை. குணமாகாவிட்டால் உங்கள் உடம்புச் சூடு. இன்னும் மோசமானாலோ அதைவிடச் சந்தோஷம்: "உள்ள கீறதெல்லாம் வெளிய வருது, உடுங்க." எந்தப் பக்கம் விழுந்தாலும் ஜெயிக்கிற இப்படி ஒரு வைத்தியத்தை எந்தக் கல்லூரி சொல்லித்தரும்?

ஆனால் அந்தச் சீசாவின் லேபிளில் பொடி எழுத்தில் ஒரு சங்கதி இருந்தது. வெறும் எண்ணெயாகத் தோலில் போடக்கூடாது, சில சொட்டு மட்டும் எடுத்துத் தேங்காய் எண்ணெய் மாதிரி வேறு எண்ணெயில் கலந்துதான் தடவ வேண்டும் என்று. ஆதிகேசவன் அதைப் படிக்காமல் இல்லை. படித்தார், நம்பவில்லை. கலப்பது என்ற சொல்லே அவருக்கு ஆகாது. கூலன்ட் எண்ணெயில் யாரோ தண்ணீரை அதிகமாகக் கலந்துவிட, கடைந்து வைத்த உருப்படி மொத்தமும் துருப்பிடித்துத் திரும்பி வந்து, அதற்கு இவர் மெமோ வாங்கியிருக்கிறார். அதிலிருந்து பால்காரர், பெட்ரோல் பங்க், மளிகைக்கடை எல்லாவற்றிலும் அவருக்குத் தெரிவது கலப்படம் ஒன்றுதான். ஆஸ்திரேலியாவிலிருந்து கடல் தாண்டி வந்த சுத்த சரக்கில் நம் ஊர் மளிகைக்கடைத் தேங்காய் எண்ணெயை ஊற்றுவதா? ஒரிஜினலை ஒரிஜினலாகத்தான் போட வேண்டும் என்பது அவருடைய கொள்கை.

ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் செல்போன் கம்பெனிகள் வந்து, ப்ளஸ் டூ முடித்த பெண்களை ஊர் ஊராகப் பஸ் அனுப்பி வேலைக்கு எடுத்துக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. ஆதிகேசவனுக்குக் கீழே லேத் ஓட்டும் இம்மானுவேலின் மகள் பிரின்சிக்கும் அப்படி ஒரு கம்பெனியில் பரீட்சை முடிந்தது, இன்டர்வியூ முடிந்தது. மிச்சம் இருந்தது மெடிக்கல் ஒன்றுதான், திங்கட்கிழமை. அந்த வீட்டில் முதல் மாதச் சம்பளம் வாங்கி இன்னின்னது செய்வது என்பதுவரை பேசி முடித்திருந்தார்கள். துணி துவைத்துத் துவைத்துப் பிரின்சியின் விரலிடுக்கில் கொஞ்சம் அரிப்பு. நாள் முழுக்கக் கையால் செய்கிற வேலை, கையைத்தான் முதலில் பார்ப்பார்களாமே என்று டீ டைமில் இம்மானுவேல் வாய்தவறிச் சொல்லிவிட்டார். யாரிடம்? ஆதிகேசவனிடம்.

சனிக்கிழமை ஷிப்ட் முடிந்ததும் வைத்தியர் இம்மானுவேல் வீட்டுக்கே வந்துவிட்டார். நாற்காலி போட்டார்கள், காபி கொடுத்தார்கள். பிரின்சி சீசாவை வாங்கித் திருப்பித் திருப்பிப் படித்தாள்.

"அங்கிள், தேங்காண்ணெய்ல கலந்து போடச் சொல்லிக்கீது."

"சொல்லுவாம்மா. நல்ல பொருளக் கலக்கச் சொல்றான்னா இன்னா அர்த்தம்? அவன் ஏதோ லாபம் பாக்குறான்."

"கலந்து போட்டா சீசா ரொம்ப நாள் வருமே அங்கிள். அவனுக்கு நஷ்டம் தானே?"

ஆதிகேசவன் இனத்தாரிடம் எல்லா வாதத்துக்கும் பொருந்துகிற ஒரு கேள்வி எப்போதும் இருக்கும்.

"உனுக்குக் கை சரியாவணுமா, வாணாமா?"

இம்மானுவேல் மகளைப் பார்த்தார். எந்த ஷிப்ட், எந்த மிஷின் என்று முடிவு செய்கிறவர் எதிரே உட்கார்ந்திருக்கிறார். "சார் சொல்றாரு இல்ல? கைய நீட்டு" என்றார்.

நீட்டினாள். ஊற்றித் தேய்த்தார். "எரியுது அங்கிள்" என்றாள். "எரிஞ்சாத்தான் வேல செய்துன்னு அர்த்தம்" என்றார். ராத்திரி படுக்கும்போது ஒருமுறை, காலையில் எழுந்ததும் ஒருமுறை என்று சொல்லிச் சீசாவையும் பெரிய மனசோடு விட்டுவிட்டுப் போனார். ரயிலில் அவர் மனம் நிறைந்திருந்தது. ஒரு குடும்பத்துக்கு நல்லது செய்த நிறைவு. அந்த நிறைவு பொய்யில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும்.

ஆதிகேசவனுக்கு ஒரு ரகசியம் இருந்தது. கொஞ்ச நாளாகவே முடி வளர வேண்டும் என்று உச்சந்தலையிலும் அதே எண்ணெயை அப்படியே ஊற்றித் தேய்த்துக்கொண்டு வந்தார். இப்போது காதுக்குப் பின்னாலிருந்து நீர் கசிந்தது. செண்பகத்திடம் சூடு என்று சொல்லிப் பார்த்தார்.

"இன்னா சூடு? தலகாணி உறயெல்லாம் மஞ்சளா ஒட்டிக்கினு வருது. இன்னிக்கி டாக்டராண்ட போவலன்னா ஊட்டுக்குள்ள வராதீங்க" என்றாள் செண்பகம்.

அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், வேப்பம்பட்டு முகங்கள் கண்ணில் படாத இடமாகப் பார்த்து, அந்த வெயிலிலும் குல்லாய் போட்டுக்கொண்டு, திருவள்ளூர் தேரடிப் பக்கம் ஒரு தோல் டாக்டரம்மாவின் கிளினிக்குக்குள் நுழைந்தார். பெஞ்சில் இம்மானுவேல் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பிரின்சி, இரண்டு கையிலும் ஈரத்துணி.

"சார், நீங்க எங்க இங்க?"

"சும்மாதாம்பா. இந்தம்மா இன்னா சொல்றாங்கன்னு கேட்டுக்கினு போலாம்னு."

முதலில் அவருக்கு வந்த பயம், இந்தப் பெண் தன் பேரை உள்ளே சொல்லிவிடுமோ என்பதுதான். பிறகு பிரின்சி துணியைப் பிரித்தாள். விரல்கள் சிவந்து வீங்கியிருந்தன. இடுக்குகளில் கொப்புளம் கொப்புளமாக நீர் கோத்து, சில இடங்களில் தோல் உரிந்திருந்தது. ஆதிகேசவனுக்கு அப்படியே வெளியே ஓடிவிடலாம் போல இருந்தது. ஆனால் அவர்களைக் கூப்பிட்டுவிட்டார்கள். இம்மானுவேலோ மரியாதையாக, "நீங்களும் வாங்க சார், இன்னா எண்ணென்னு நீங்களே கரெக்டா சொல்லிடுங்க" என்று அவர் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போய்விட்டார்.

டாக்டரம்மா கையைப் பார்த்தார், சீசாவைப் பார்த்தார். "இதை இப்படியே ஊத்தினது யாரு?"

இம்மானுவேல் தரையைப் பார்த்தார். ஆதிகேசவன் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார்.

"இவருதான் மேடம்" என்றாள் பிரின்சி. "அவரு தலையையும் கொஞ்சம் பாத்துடுங்க. குல்லாய்ல இருந்து அதே வாசனதான் வருது."

டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. முதலில் இருந்தது வெறும் சோப்புத்தூள் அரிப்பு, சோப்பை மாற்றியிருந்தால் தானே போயிருக்கும் என்றார். இது ஆற நாளாகும் என்றார்.

"நாளைக்கு எனுக்கு மெடிக்கல் மேடம்."

"நாளைக்கா? இந்தக் கையோட எடுக்கமாட்டாங்கம்மா. தேதி மாத்திக் கேட்டுப் பாரு."

கேட்டுப் பார்த்தாள். அடுத்து ஆள் எடுக்கும்போது சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். யாரும் சொல்லி அனுப்பவில்லை. அவள் தெருவிலிருந்து தேர்வான மற்றப் பெண்களை ஏற்றிக்கொண்டு கம்பெனி பஸ் தினமும் காலையில் போனது. பிரின்சி கை ஆறிய பிறகு, எஸ்டேட்டிலேயே அட்டைப்பெட்டி ஒட்டும் வேலைக்கு, பாதிச் சம்பளத்துக்கு ஷேர் ஆட்டோவில் போனாள். வழியில் ஆதிகேசவனைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

அவருக்கு வருத்தம் இல்லை என்று நினைக்காதீர்கள். இருந்தது. இம்மானுவேல் கேட்காமலே அவருக்குப் பகல் ஷிப்டாகப் போட்டுக் கொடுத்தார். தப்பு என்னுடையது என்ற ஒரு வாக்கியத்தை மட்டும் அவர் வாயால் சொல்ல முடியவில்லை. அதற்குப் பதிலாக, எல்லார் உடம்பும் ஒரே மாதிரி இருக்காது என்று பொதுவாகச் சொல்லி வைத்தார். ரயிலில் எதிர்ஸீட்டுக்காரர் தலையைச் சொறிந்தால் ஜன்னல் வழியாக வயலைப் பார்த்தார்.

எத்தனை நாளைக்குத்தான் ஒரு மனிதன் வயலையே பார்த்துக்கொண்டிருப்பான்? ஒருநாள் செவ்வாப்பேட்டை ஸ்டேஷன் தாண்டியதும், பக்கத்தில் இருந்தவரின் காதருகே வாயைக் கொண்டுபோனார்.

"டீ ட்ரீ ஆயில்னு ஒண்ணு கீது. ஆனா கலந்துதான் போடணும், ஜாக்கிரத. எனுக்குத் தெரிஞ்ச ஒரு பொண்ணு கலக்காம ஊத்திக்கினு கை வெந்துபூட்ச்சு. வர இருந்த நல்ல வேலயும் பூட்ச்சு. இன்னா பண்றது, லேபிள படிக்கிறதில்லையே இந்தக் காலத்துப் பசங்க."

கோபம் வருகிறதா உங்களுக்கு? நியாயம்தான். எனக்கும் வந்தது. இப்படியும் ஒரு மனிதனா என்று நீங்கள் நாலு பேரிடம் சொல்லலாம், நானும் கூடவே தலையாட்டுவேன். ஆனால் அதற்கு முன்னால் ஒரு விஷயம். அந்தக் கிளினிக்கில் பிரின்சி ஈரத்துணியைப் பிரித்துக் கையைக் காட்டினாளே, அப்போது உங்கள் மனசில் என்ன ஓடியது? ஐயோ பாவம் என்பதோடு நின்றதா? சோற்றுக் கற்றாழையைக் கீறி வைத்திருந்தால் மறுநாளே வற்றியிருக்கும் என்று தோன்றவில்லை? குப்பைமேனியும் மஞ்சளும் அரைத்துப் போட்டிருக்கலாமே, எங்கள் வீட்டில் அதுதான், கைகண்ட மருந்து என்று நாக்கு நுனிவரை வரவில்லை?

அவள் உங்களைக் கேட்டாளா?